மலிவாக வரும் மரப்படகு: சேமிப்பு முழுவதையும் போடலாமா?

கேள்வி: 60 ஆண்டுப் பழைய, 25 அடி நீள மரப் பாய்மரப் படகு விலைக்கு வருகிறது. கரையோரமாகப் பயணம் போக ஆசை. என் சேமிப்பு விலைக்குச் சரியாக இருக்கும். பராமரிப்புக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கில் வாங்காதீர்கள். ஆண்டுச் செலவு விலையில் 10 சதவீதம் என்று பலரும் சொல்வது பழைய படகுக்குப் பொருந்தாது. நிறுத்துமிட வாடகை, கரையேற்றும் கூலி, அடிப்பக்கம் பாசி பிடிக்காமல் அடிக்கும் பெயின்ட் எல்லாம் நீளத்தைப் பொறுத்தவை. ஒரு கணக்குக்கு, அதே நீளத்தில் 500 பெறும் புதுப்படகுக்கு வருடம் 50 ஆகிறதென்றால் அது 10 சதவீதம். உங்கள் படகின் விலை 100தான் என்று வையுங்கள், ஆனால் அதற்கும் அந்த 50 ஆகும். அதாவது பாதி விலை. மரவேலை தனி.

கை கடித்தால் கரையில் ஏற்றி மூடிவைக்கலாம் என்றால், அதுவும் நடக்காது. வெயிலில் பலகை காய்ந்து சுருங்கி இடுக்குகள் விரியும். திரும்ப இறக்கினால் மரம் ஊறி இறுகும்வரை நீர் உள்ளே வரும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ரொம்பக் காய்ந்துவிட்டால் பலகை இடுக்குகளில் நீர் புகாமல் அடைத்திருக்கும் பஞ்சைப் பிடுங்கிப் புதிதாக அடைக்க வேண்டியதுதான். மேல்தளத்தில் கசியும் மழைநீர் அதைவிட மோசம். மரத்தை அழுகவைப்பது பெரும்பாலும் நன்னீர்தான், உப்புநீர் அல்ல.

முன்பணம் கொடுக்கும் முன் மரப்படகு தெரிந்த சர்வேயரை, அதாவது படகைப் பரிசோதித்து அறிக்கை தருபவரை, அமர்த்துங்கள். படகு கரையேறியிருக்க வேண்டும். படகு சாயாமல் இருக்க அடியில் எடையாகப் பொருத்திய இரும்புக் கீலை (keel) அடிக்கட்டையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டையாவது உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். தலையும் நட்டும் பளிச்சென்று இருக்கலாம். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் மட்டும் துரு தின்று போல்ட் பென்சில் போல மெலிந்திருக்கலாம். புதுப் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் இந்த அறிக்கையைக் கேட்கும்.

கடன் வேண்டாம். பழைய மரப்படகை அடமானமாக ஏற்பவர்கள் அரிது. தனிநபர் கடனில் வட்டி கூடுதல். ரிப்பேருக்குப் போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்பாது, தவணை மட்டும் ஓடும்.

சேமிப்பில் பாதிக்குள் விலை படிந்தால் யோசியுங்கள். ஒரு வருடச் செலவு தனியாக, மிச்சம் மரவேலைக்கு. வீட்டு அவசர நிதியை இதில் சேர்க்காதீர்கள். படியாவிட்டால் இருவர் கூட்டாக வாங்கலாம். ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்த விலைக்கு, எத்தனை மாதத்தில் மற்றவர் வாங்குவது என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.