லவுஞ்சுக்குள் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விமான நிலையங்களில் உள்ள லவுஞ்ச் எனும் வசதியான காத்திருப்பு அறைகள், படத்தில் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. நேரில் போனால் உட்கார இடமில்லை. நல்லதா, சுமாரா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

லவுஞ்சின் இணையதளத்தில் உள்ள படங்களில் ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். அவற்றை விட்டுவிட்டு, பயணிகள் எடுத்துப் போட்ட படங்களைப் பாருங்கள். எந்த நேரத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிற்பகலில் நூலகம் போல அமைதியாக இருக்கும் அதே இடம், நீண்டதூர விமானங்கள் வரிசையாகக் கிளம்பும் வேளையில் சந்தையாகிவிடும். உங்கள் விமானம் அந்த வேளையில்தான் என்றால், மற்றவர்கள் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் நான் கவனிப்பது மூன்றைத்தான். இருக்கைக்கு இருக்கை பிளக் பாயின்ட் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா? கழிப்பறை லவுஞ்சுக்கு உள்ளேயே இருக்கிறதா, அல்லது வெளியே போய் வர வேண்டுமா? ஒருவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன மேசையில் தட்டு எவ்வளவு நேரம் அப்படியே கிடக்கிறது? ஆள் பற்றாக்குறை முதலில் தெரிவது இந்த மூன்றாவதில்தான். பஃபேயில் எத்தனை வகை என்று எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூடாக இருக்க வேண்டியது சூடாக இருந்தால் போதும்.

கிரெடிட் கார்டில் லவுஞ்ச் வசதி இருந்தும் 'இடமில்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

விதிப்படி சரிதான். இந்தத் திட்டங்களின் நிபந்தனைகளில் 'இடம் இருந்தால் மட்டுமே அனுமதி' என்ற வரி ஒரு மூலையில் இருக்கும். அந்த வரி எதற்கு என்றால், உங்களுக்காகப் பணம் கட்டுவது யார் என்று பார்க்க வேண்டும். பொதுவாக நீங்கள் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், கார்டு நிறுவனமோ பிரையாரிட்டி பாஸ் போன்ற இடைநிலைத் திட்டமோ தலைக்கு இவ்வளவு என்று லவுஞ்சுக்குக் கொடுக்கிறது. அதே லவுஞ்ச் சில விமான நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டிருக்கும்; அவர்களுடைய பிசினஸ் கிளாஸ் பயணிகளுக்கு இடம் இல்லையென்றால் ஒப்பந்தமே கைவிட்டுப் போகலாம். ஆகவே கூட்டம் ஏறினால் முதலில் நிறுத்தப்படுவது கார்டோடு வருபவர்கள்.

பிரையாரிட்டி பாஸ் 1992-ல் தொடங்கியது. அப்போது அடிக்கடி பறப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய உறுப்பினர் அட்டை அது. இன்று பல கார்டுகளோடு இலவச இணைப்பாக வருகிறது. லவுஞ்சின் பரப்பளவு அந்த வேகத்தில் வளரவில்லை. விமான நிறுவனங்களே நடத்தும் லவுஞ்சுகளிலும் இதே தொல்லைதான்: அமெரிக்காவின் டெல்டா, விமானம் கிளம்ப 3 மணி நேரத்துக்கு முன்பு வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்று 2022-ல் விதி கொண்டுவந்தது. 2025-லிருந்து கார்டு மூலம் வருபவர்களின் வருகை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துவிட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சில லவுஞ்சுகளில் சிறு கட்டணத்துக்கு முன்பதிவு உண்டு. நெரிசல் வேளையில் பறப்பதாக இருந்தால் அது வீண்செலவு இல்லை. அதே முனையத்தில் உங்கள் கார்டை ஏற்கும் வேறு லவுஞ்ச் உண்டா என்று செயலியில் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டுப் பெயர் கொடுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அந்த விதியை அவர் எழுதவில்லை.

ஒரே விமான நிறுவனம்தான். கிளம்பிய ஊரில் லவுஞ்ச் பிரமாதம், திரும்பும்போது படுமோசம். ஏன்?

முதலாவது அவர்களுடையது, இரண்டாவது வாடகைக்கு எடுத்தது. தன் தலைமைத் தளத்தில் நிறுவனம் தானே கட்டி, தானே நடத்தி, பெருமை காட்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சா 2004-ல் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று தனி முனையமே கட்டியது. குளியல் தொட்டி உண்டு, விமானம்வரை காரில் கொண்டுபோய் விடுவார்கள். நாளுக்கு ஒன்றிரண்டு விமானங்கள் மட்டும் போய்வரும் ஊரில் அப்படிச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. எந்த விமான நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் அங்கே இருக்கிற பொது லவுஞ்சோடு ஒப்பந்தம் போட்டு, தலைக்குக் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் கட்டணத்துக்குள் என்ன சமைக்க முடியுமோ அதுதான் உங்கள் தட்டில் வருகிறது.

பொது லவுஞ்ச் என்றாலே மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆரம்பத்தில் லவுஞ்ச் எல்லோருக்குமானதாக இல்லை: 1939-ல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்மிரல்ஸ் கிளப் என்ற தன் முதல் லவுஞ்சைத் திறந்தபோது, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி. எந்த வகுப்பில் பறந்தாலும் காசு கொடுத்து உட்காரலாம் என்ற எண்ணத்தோடு பிளாசா பிரீமியம் என்ற பொது லவுஞ்ச் நிறுவனம் 1998-ல் வந்தது. அதன் நிறுவனர் சாங் ஹோய் சீ, வங்கி வேலையை விட்டுவிட்டு எகானமியில் பறக்கத் தொடங்கியபோது லவுஞ்ச் கதவு தனக்கு மூடிக்கொண்டதால் தோன்றிய யோசனை அது. சில ஊர்களில் இத்தகைய லவுஞ்ச், விமான நிறுவனத்தின் சொந்த லவுஞ்சைவிட நன்றாகவே இருக்கும்.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் என்றால் லவுஞ்ச் நிச்சயம்தானே?

இல்லை. எமிரேட்ஸ், கத்தார் போன்ற நிறுவனங்கள் பிசினஸ் கிளாஸிலேயே விலை குறைந்த ரகம் ஒன்றை விற்கத் தொடங்கிய பிறகு இந்த உறுதி போய்விட்டது. அந்த ரகத்தில் லவுஞ்ச் சேராது. டிக்கெட் வாங்கும்போது கட்டண வகையைத் திறந்து படியுங்கள். மாறாக, ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணி அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் கோல்டு போன்ற அந்தஸ்து உள்ளவர் எகானமியில் பறந்தாலும் பெரும்பாலும் உள்ளே போகலாம்.

லவுஞ்சில் உட்கார்ந்திருந்து விமானத்தைத் தவறவிட்டேன். ஒரு அறிவிப்புகூட வரவில்லையே?

பல லவுஞ்சுகளில் வேண்டுமென்றேதான் அறிவிப்பதில்லை. அமைதியும் அவர்கள் விற்கும் வசதிகளில் ஒன்று. உள்ளே நுழையும்போதே 'இங்கிருந்து என் கேட்டுக்கு எவ்வளவு நேரம்? நடுவில் இமிகிரேஷனோ இன்னொரு சோதனையோ உண்டா?' என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் போனில் அலாரம் வையுங்கள். திரையில் கேட் மாறியதா என்று இடையிடையே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் 6 மணி நேரக் காத்திருப்பு. குளித்துவிட்டுத் தூங்க முடியுமா?

குளிப்பது சுலபம். ஷவர் இருந்தால், நுழைந்தவுடனேயே வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால் உங்களுக்கு முன்னால் பலர் இருப்பார்கள். துண்டும் சோப்பும் பொதுவாக அவர்களே தருவார்கள், செருப்பை நம்ப வேண்டாம்.

தூக்கம்தான் சந்தேகம். சாய்வு நாற்காலிகள் குறைவு, விளக்கை அணைக்க மாட்டார்கள். கார்டில் வருபவர்களுக்குப் பல இடங்களில் 2 அல்லது 3 மணி நேரம்தான் அனுமதி, அதன் பிறகு தனிக் கட்டணம். உண்மையாகவே தூங்க வேண்டும் என்றால் விமானம் மாறுபவர்களுக்கான டிரான்ஸிட் ஹோட்டலில் சில மணி நேரத்துக்கு அறை எடுப்பதே மேல்.

காசு கொடுத்துப் போவது லாபமா?

45 நிமிடம்தான் இருக்கிறது என்றால் வேண்டாம். 3 மணி நேரம் இருந்து, சாப்பாடும் ஷவரும் தேவைப்பட்டால், வெளியே ஒருவேளை சாப்பாட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் எத்தனை வயதுவரை கட்டணமில்லை என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். இது லவுஞ்சுக்கு லவுஞ்ச் மாறும்.