வெள்ளம் வந்தால் பிரதேச சபை என்னதான் செய்கிறது? ஒரு வெள்ளத்திலிருந்து அடுத்த வெள்ளத்துக்கு எதையாவது கற்றுக்கொள்கிறார்களா?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, உங்கள் ஒழுங்கையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. சபைக்குப் போய்க் கேட்டிருப்பீர்கள், "அது எங்கட வேலை இல்லை" என்று அனுப்பியிருப்பார்கள். மூதூர்ப் பக்கமோ வெருகல் பக்கமோ இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே ஒரு பிரதேச சபையில் வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சபைக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்று சிலர் சொல்வார்கள். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

சமைத்த சாப்பாடு, முகாம், உலர் உணவு, நட்டஈட்டுப் பட்டியல் எல்லாம் பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் பார்ப்பது. ஆறும் அணைக்கட்டும் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையவை. ஏ15 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பிரதேச சபைக்கு மிஞ்சுவது உள்ளூர் வீதி, மதகு, வடிகான், குப்பை, குடிநீர் பவுசர், தண்ணீர் வடிந்ததும் சுகாதாரப் பரிசோதகரோடு போய்க் கிணறு இறைத்துக் குளோரின் போடுவது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வந்த தண்ணீர் இரண்டு நாளில் போகுமா, இரண்டு கிழமை நிற்குமா என்பது இந்த மதகிலும் வடிகானிலும்தான் இருக்கிறது.

2011 ஜனவரியில் கிழக்கு முழுக்க வெள்ளம் வந்தது நினைவிருக்கும். பெரும்போக வேளாண்மை அறுவடைக்கு நிற்கும்போது அழிந்தது. எங்கள் பிரிவில் ஒரு குடியிருப்பில் மட்டும், ஆற்று மட்டம் இறங்கிய பிறகும் தண்ணீர் முழங்காலுக்குக் குறையவில்லை. வடிகானைத் துப்புரவாக்கச் சொன்னார்கள், செய்தோம். குறையவில்லை. அங்கே வயதான அம்மா ஒருவர் திண்ணையில் கட்டிலைப் போட்டு இருந்தார். அவர்தான் சொன்னார்: "மகன், இந்த றோட்டு உசத்திப் போடுறதுக்கு முதல் தண்ணி இதால போய் ஆத்துல விழும். இப்ப எங்கால போறது?"

போய்ப் பார்த்தால் உண்மை. வீதியைக் கிறவல் போட்டு உயர்த்தியவர்கள் மதகு வைக்கவில்லை. நிதி வருவது வீதியின் நீளத்துக்கு. எத்தனை மீற்றர் போட்டாய் என்றுதான் கேட்பார்கள், தண்ணீருக்கு எங்கே வழி விட்டாய் என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. நடுவில் இருந்த பழைய ஓடையையும் மேலே விளையாட்டுத் திடல் என்று நிரவியிருந்தார்கள். ஆக மொத்தம், வீதி ஒரு அணைக்கட்டாகவே நின்றது.

சரி, வீதியை வெட்டிவிடலாம் என்று மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தோடு போனால், மறுபக்கத்துச் சனம் வந்து வீதியில் குந்திவிட்டது. வெட்டினால் தண்ணீர் தங்கள் வளவுக்குள் வரும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். இந்தப் பக்கத்து இளைஞர்கள் இரவில் மண்வெட்டியோடு வர, பொலிஸ் வந்து நிற்கும் அளவுக்குப் போனது. இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று கல்யாணம் செய்த ஆட்கள். கடைசியில் இரண்டு பக்கத்திலிருந்தும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தே பார்த்தோம். பழைய ஓடை போன இடம் அவர்களுக்கு அடி அடியாகத் தெரிந்திருந்தது. திடலின் ஓரமாக அதைத் திறந்துவிட்டால் யார் வளவுக்கும் போகாது என்று அங்கேயே முடிவானது. வெட்டினோம். பெப்ரவரியில் இரண்டாவது வெள்ளம் வந்தபோது அதே வழியால் இறங்கியது. பிறகு அந்த இடத்தில் குழாய் மதகு போட்டோம். 2014 டிசம்பரில் மறுபடி வெள்ளம். அந்தக் குடியிருப்பில் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை. என் வேலைக்காலத்தில் நான் பெருமைப்படும் ஒரு விடயம் அது.

அன்றிலிருந்து ஒரு பதிவேடு வைத்தேன். எந்த மதகு அடைத்தது, எந்த வீதியில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கத்தால் வடிந்தது. லைற் போஸ்ற்றில் பெயின்றால் கோடும் போட்டோம். சபை கற்றுக்கொள்கிறதா என்று கேட்டீர்களே, அது இப்படித்தான் நடக்கும். எழுதி வைத்தால் சபைக்குத் தெரியும், எழுதாவிட்டால் எனக்கு மட்டும் தெரியும். நான் இடமாற்றத்தில் போனால் அதுவும் போய்விடும்.

போகத்தான் செய்தது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6ஆம் திகதிதான் வைத்தார்கள். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை, செயலாளரே எல்லாம். மாரிக்கு முதல் "எங்கட வட்டாரத்து மதகு என்னாச்சு" என்று கேட்டு மேசையில் தட்ட ஆள் இல்லை. புதிதாக வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்து சில மாதத்தில், நவம்பர் கடைசியில், டித்வா புயல். எங்கள் பக்கத்து மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. அப்படியொரு வெள்ளத்தை மதகு வெட்டித் தடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள். ஆனால் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் எங்கே முதலில் வெட்டுவது என்று புது உறுப்பினர் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்துத்தான் கேட்டார். பதிவேட்டின் பிரதி என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அது அவர் சபையின் அலுமாரியில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் வெள்ளத்தில் பாதி எங்கள் மழை அல்ல. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிகிறது, மற்றது கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலைநாட்டில் பெய்தது பொலன்னறுவை மனம்பிட்டியைத் தாண்டித்தான் நம்மிடம் வரும். இங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஏறுவது அதனால்தான். மனம்பிட்டி நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறது. சபையில் ஒருவர் அதைப் பார்த்துப் பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தால், சனத்துக்கு மாட்டை மேட்டுக்கு ஏற்றவும் நெல் மூட்டையைத் தூக்கி வைக்கவும் நேரம் கிடைக்கும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனது ஆறவில்லை. கிணறு இறைக்கவும் செத்த ஆடு மாட்டைப் புதைக்கவும் இறங்குகிறவர்கள் பலர் அமைய ஊழியர்கள், அதாவது நிரந்தர நியமனம் இல்லாதவர்கள். தங்கள் வீடு தண்ணீரில் கிடக்க, அடுத்த வீட்டுக் கிணற்றில் இறங்குவார்கள். கையுறையும் பூட்ஸும் கேட்டு நான் எழுதிய கடிதங்கள் சபையின் பைல் கோவையில் இருக்கின்றன. என்னோடு வேலை செய்த ஒருவர் தலை நரைத்தும் நிரந்தரமாகவில்லை. வெள்ள நிவாரணப் படங்களில் அவர் முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இனி உங்கள் ஒழுங்கைக்கு வருவோம். தண்ணீர் எங்கே நின்றது, சுவரில் எந்த உயரம், எத்தனை நாள் என்று எழுதி, படத்தோடு உங்கள் வட்டார உறுப்பினருக்கும் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும். அடுத்த வருடப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேறிவிடும், மதகுக்குக் காசு வேண்டுமென்றால் அதற்கு முதல் கடிதம் கோவையில் இருக்க வேண்டும். வடிகான் துப்புரவுக்கு என்றால் செப்டெம்பருக்குள் கொடுங்கள். ஒக்டோபர் மழை பிடித்தால் பெக்கோ உள்ளே இறங்காது.