பழைய ஆஸ்டரிஸ்க் போன் சர்வரை வேலை நிற்காமல் புதிய பதிப்புக்கு மாற்றுவது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: நடுத்தர அளவு மருத்துவமனை, 120 எக்ஸ்டென்ஷன் (உள் போன் எண்), ஒரு பிஆர்ஐ லைன் (ஒரே இணைப்பில் பல கால்களைக் கொண்டுவரும் டிஜிட்டல் போன் லைன்). போன் சர்வரை பிரவுசரில் நிர்வகிக்க ஃப்ரீபிபிஎக்ஸ் 15, அதன் அடியில் கால்களை இணைக்கும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க் 16, அதற்கும் அடியில் சென்டோஸ் 7 வழி வந்த லினக்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அதே மெஷினில் புதிய பதிப்பை ஏற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஏற்ற முடியாது. ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12 என்ற வேறொரு லினக்ஸின் மேல் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சென்டோஸை அப்டேட் போட்டு டெபியனாக ஆக்க வழியில்லை. புது மெஷின் ஒன்றைத் தனியாக நிறுவி, பழையதிலிருந்து பேக்கப் எடுத்து அதில் ரெஸ்டோர் செய்வதுதான் பாதை. கோவை, திருப்பூர் பக்கம் மில்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போன் சர்வர் பார்த்துக்கொடுப்பதுதான் என் வேலை. கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய வீட்டில் அடுப்பு எரியட்டும், பக்கத்தில் புது வீட்டைக் கட்டுங்கள். சாமான்களை ஒரே ராத்திரியில் மாற்றினாலும், பழைய வீட்டுச் சாவி உங்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று நிர்வாகம் கேட்டால் தயங்காமல் ஆமாம் என்று சொல்லுங்கள். சென்டோஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. ஆஸ்டரிஸ்க் 16-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபரோடு நின்றுவிட்டன. 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸில் போன்களை அமைக்கும் எண்ட்பாயின்ட் மாட்யூலில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. 15, 16, 17 மூன்று பதிப்புகளிலும் அது இருந்தது. அட்மின் பக்கத்தை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்த சர்வர்களுக்குள் ஆட்கள் உண்மையிலேயே புகுந்தார்கள். போன் சர்வருக்குள் புகுபவன் ஃபைலைத் திருடுவதோடு போக மாட்டான். சனிக்கிழமை ராத்திரி உங்கள் லைனில் வெளிநாட்டுக்குக் கால் போட்டுக்கொண்டே இருப்பான், திங்கட்கிழமை பில்லைப் பார்த்துதான் உங்களுக்குத் தெரியும்.

எந்தப் பதிப்பு என்பதில் குழப்பம் வேண்டாம், ஆஸ்டரிஸ்க் 22 போடுங்கள். 16, 18, 20, 22 ஆகியவை நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்புகள். 22 வெளிவந்தது 2024 அக்டோபரில். இப்படிப்பட்ட பதிப்புக்கு நான்கு வருடம் முழு ஆதரவு, அதற்கு மேல் ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இடையில் வரும் ஒற்றைப்படைப் பதிப்புகள் மருத்துவமனைக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். 21-ஆம் பதிப்பிலேயே ஆஸ்டரிஸ்கிலிருந்து இரண்டு பழைய சாமான்களை எடுத்துவிட்டார்கள். ஒன்று, சான்-சிப் என்ற பழைய சிப் டிரைவர்; சிப் (SIP) என்பது நெட்வொர்க் வழியாகக் கால்களை இணைக்கும் முறை. இன்னொன்று, கால் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் டயல்பிளானில், திரும்பத் திரும்ப வரும் வரிகளைத் தொகுத்து வைக்கும் மேக்ரோ. 22-க்குப் போகும்போது இந்த இரண்டும் இருக்காது.

சான்-சிப்புக்குப் பதில் பிஜேசிப் என்ற புது டிரைவர். எக்ஸ்டென்ஷன்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் வசதி ஃப்ரீபிபிஎக்ஸிலேயே இருக்கிறது, அதனால் 120 எக்ஸ்டென்ஷனைக் கையால் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். முதலாவது போர்ட், அதாவது சர்வர் செய்திகளை வாங்கும் வாசல் எண். பழைய சர்வரில் போன்கள் 5060-இல் பதிவாகின்றனவா 5160-இலா என்று பார்த்து, புது சர்வரில் பிஜேசிப்பை அதே போர்ட்டில் வையுங்கள். இரண்டாவது, ஒரு எக்ஸ்டென்ஷனில் எத்தனை போன் பதிவாகலாம் என்ற எண்ணிக்கை, அதாவது மேக்ஸ் கான்டாக்ட்ஸ். அது 1 என்று இருந்து, பழைய பதிவை நீக்கும் ரிமூவ் எக்ஸிஸ்டிங் ஆன் ஆகாமல் இருந்தால், கரண்ட் போய் வந்ததும் போன் வேறு போர்ட்டிலிருந்து பதிவாகப் பார்க்கும், சர்வர் இடமில்லை என்று மறுத்துவிடும். வார்டு போன் அரை மணி நேரம் செத்துக் கிடக்கும், பிறகு தானாகவே உயிர் வரும், காரணம் யாருக்கும் புரியாது. மூன்றாவது, ரிசப்ஷன் போனில் எரியும் பிஎல்எஃப் விளக்குகள். நீங்கள் கையால் எழுதிய ஹின்ட் (எந்த போனைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் வரி) ஏதாவது இருந்தால் அதில் சிப் என்று இருப்பதையெல்லாம் பிஜேசிப் என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு எரியாது. ஆபரேட்டர் அக்காவுக்கு அந்த விளக்குகள்தான் கண். டாக்டர் லைனில் இருக்கிறாரா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

மேக்ரோ விஷயம், நீங்கள் கஸ்டம் ஃபைலில் சொந்தமாக ஏதாவது எழுதியிருந்தால்தான் தொல்லை. மேக்ரோவை, அதன் இடத்தில் இப்போது பயன்படும் கோசப் ஆக்க வேண்டும், முடிவில் ரிட்டர்ன் போட வேண்டும். மேக்ரோ எக்ஸ்டென் மாதிரியான மாறிகள் இனி இருக்காது, அவற்றை ஆர்க்யுமென்டாக அனுப்புங்கள். அப்புறம் ஏஜிஐ ஸ்கிரிப்ட்கள், அதாவது கால் வரும்போது ஆஸ்டரிஸ்க் ஓடவிடும் வெளி நிரல்கள். கூப்பிடுபவரின் நம்பரை வைத்து நோயாளி பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பழைய மெஷினில் பிஹெச்பி 5.6, டெபியன் 12-இல் 8.2. டேட்டாபேஸில் தேட உதவிய பழைய மைசீக்வல் ஃபங்ஷன்கள் பிஹெச்பி 7-லேயே போய்விட்டன. அவற்றை வைத்து எழுதியிருந்தால் அந்த ஸ்கிரிப்ட் நிச்சயம் ஓடாது. இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பிஆர்ஐ லைனுக்கு வருவோம். இந்த நேரத்தில் அதையும் சிப் ட்ரங்காக, அதாவது சிப் முறையில் வரும் வெளி லைனாக, மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம், ஆனால் சர்வர் மாறும் அதே வாரத்தில் வேண்டவே வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் காலையில் ஒரு கால் கட் ஆகும்போது குற்றம் சர்வரிலா லைனிலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

நான் செய்வது இப்படி. புது சர்வரை எழுப்பி, பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு ஐஏஎக்ஸ் ட்ரங்க் (ஆஸ்டரிஸ்க் சர்வர்களை இணைக்கும் பாலம்) போடுவேன். சிக்னலும் குரலும் சேர்ந்து 4569 என்ற ஒரே யுடிபி போர்ட்டில் போகும், அதனால் தகராறு குறைவு. இரண்டு பக்கமும் கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஏ-லா மட்டும். இந்தியாவில் பிஆர்ஐ வருவதே ஏ-லாவில்தான், நடுவில் மாற்றம் செய்யத் தேவையில்லை. இரண்டு சர்வரும் உங்களுடையவை என்பதால் அந்த ட்ரங்கின் கான்டெக்ஸ்டை (அதில் வரும் கால் டயல்பிளானில் எங்கே நுழையும் என்பதை) ஃப்ரம்-இன்டர்னல் என்று வைக்கலாம். பிறகு 900 வரிசையில் நான்கைந்து சோதனை எக்ஸ்டென்ஷன்களைப் புது சர்வரில் உருவாக்கி, ஐடி அறையிலும் ரிசப்ஷன் மேசையிலும் கூடுதல் போன் வைத்து ஒரு வாரம் உண்மையான வேலைக்குப் பயன்படுத்தச் சொல்வேன்.

மாற்றும் ராத்திரி, போன்களுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியின் ஆப்ஷன் 66-இல், போன்கள் தங்கள் அமைப்பை எடுக்கும் ப்ரொவிஷனிங் முகவரியை மாற்றிவிட்டு எல்லா போன்களையும் ரீபூட் செய்தால் அவை புது சர்வரில் போய்ப் பதிவாகும். பிஆர்ஐ கார்டு பழைய மெஷினிலேயே இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் கால் பழையதில் இறங்கி, ஐஏஎக்ஸ் வழியாகப் புதியதற்குப் போகும். வெளியே போகும் கால் அதே வழியில் திரும்பி வரும். பழைய சர்வர் அன்றிலிருந்து வெறும் கேட்வே. ஏதாவது பெரிய கோளாறு என்றால் முகவரியைப் பழையபடி வைத்து ரீபூட் செய்தால் போதும். இந்த வசதி கையில் இருந்தால் ராத்திரி நிதானமாக வேலை பார்க்கலாம். ஒரு யோசனை: இந்த முறை போன்களில் சர்வர் முகவரியை ஐபியாகக் கொடுக்காமல் உள்ளூர் டிஎன்எஸ் பெயராகக் கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை மாற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

சில வாரங்கள் அமைதியாக ஓடிய பிறகு சிப் ட்ரங்க். இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நம் ஊரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பெரும்பாலும் சிப் ட்ரங்கைத் தனி ஃபைபரில், 10-இல் தொடங்கும் பிரைவேட் ஐபியோடு கொடுக்கின்றன. யூசர்நேம் பாஸ்வேர்டு கிடையாது, ஐபிதான் அடையாளம். சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் போர்ட்டில் அதைச் செருகுவோம். சிக்னல் வரும் ஐபி ஒன்று, குரல் வரும் ஐபி வேறொன்று என்று இருக்கலாம். அவர்கள் தரும் தாளில் சிக்னல் ஐபி மட்டும் இருந்தால் குரல் ஐபியையும் கேட்டு வாங்கி, இரண்டுக்கும் ஸ்டாட்டிக் ரூட் (இந்த ஐபிக்கு இந்த வழியாகப் போ என்ற நிலையான வழி) போடுங்கள். இல்லாவிட்டால் மணி அடிக்கும், எடுப்பார்கள், ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காது.

பிஜேசிப்பில் உள்ளே வரும் காலை யார் அனுப்பியது என்று ஐடென்டிஃபை பகுதியில் இருக்கும் ஐபியை வைத்துத்தான் சர்வர் கண்டுபிடிக்கும். நிறுவனம் நான்கு ஐபியிலிருந்து அனுப்பி, நீங்கள் ஒன்றை மட்டும் எழுதியிருந்தால், சில கால் வரும், சில கால் வராது. லாகில் பொருந்தும் எண்ட்பாயின்ட் (அனுப்பியவருக்கான பதிவு) இல்லை என்று வரி வரியாக ஓடும்.

அடுத்தது லோக்கல் நெட். உங்கள் சர்வருக்கு இன்டர்நெட் பக்கம் ஒரு பொது ஐபி இருந்தால், வெளி ஆட்களிடம் பேசும்போது அந்தப் பொது ஐபியைத் தன் முகவரியாகச் சொல்லும்படி அமைத்திருப்போம். ட்ரங்க் வரும் 10 வரிசை நெட்வொர்க்கை லோக்கல் நெட் பட்டியலில் சேர்க்கவில்லை என்றால், தொலைத்தொடர்பு நிறுவனத்திடமும் அதே பொது ஐபியைச் சொல்லும். அவர்களால் அந்த ஃபைபர் வழியாக அதை எட்ட முடியாது. விளைவு, கால் இணைந்து, குரல் வராமல், சுமார் 32 நொடியில் கட் ஆகும். இந்த 32 நொடியை மறக்காதீர்கள். கால் இணைந்ததற்கான ஒப்புதல் செய்தி எதிர்முனைக்குப் போய்ச் சேராவிட்டால் சிப் விதிப்படி காத்திருக்கும் நேரம் அது. சரியாக அந்த நேரத்தில் கட் ஆகிறது என்றால் முகவரிக் கோளாறு என்று நேரே அங்கே போய்ப் பாருங்கள். 15 நிமிடத்தில் கட் ஆனால் செஷன் டைமர். வழக்கமான 1800 நொடியில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கும் செய்தி போகும், அதை எதிர்முனை ஏற்கவில்லை என்று அர்த்தம். சிப் செய்திகளைக் காட்டும் எஸ்என்கிரெப் கருவியைத் திறந்து வைத்தால் இவை அத்தனையும் கண்ணெதிரே தெரியும்.

வெளியே போகும் காலில் உங்களுக்கு ஒதுக்கிய டிஐடி (வெளியிலிருந்து நேரே கூப்பிடும் எண்) வரிசையில் உள்ள நம்பர்தான் ஃப்ரம் பகுதியில் போக வேண்டும். எக்ஸ்டென்ஷன் நம்பர் போனால் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பிவிடுவார்கள். சில இடங்களில், இருக்கிறாயா என்று கேட்டு சர்வர் அனுப்பும் ஆப்ஷன்ஸ் செய்திக்கு எதிர்முனை பதிலே தராது. ட்ரங்க் எட்டவில்லை என்று நினைத்து ஆஸ்டரிஸ்க் கால் அனுப்ப மறுக்கும். அங்கே அந்தச் செய்தி போகும் இடைவெளியான குவாலிஃபை நேரத்தை 0 ஆக்குங்கள்.

ரெக்கார்டிங்கை பேக்கப்பில் சேர்க்காதீர்கள், ஆர்சிங்க் போட்டு முன்கூட்டியே நகலெடுத்துவிடுங்கள். தமிழில் பேசி வைத்த ஐவிஆர் (தானாகப் பேசி எண்ணை அழுத்தச் சொல்லும் வசதி) குரல்கள் ரெஸ்டோரில் வந்துவிடும், ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

நேர மண்டலத்தை மட்டும் கட்டாயம் பாருங்கள். புது டெபியன் யுடிசியில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் பிந்தும். காலை 8 மணிக்குக் கூப்பிடும் நோயாளிக்கு அலுவலக நேரம் முடிந்தது என்ற இரவுச் செய்தி கேட்கும். சிஸ்டம், பிஹெச்பி, டைம் கண்டிஷன் (அலுவலக நேரம் பார்த்துக் காலைத் திருப்பும் அமைப்பு) மூன்றிலும் ஆசியா கொல்கத்தா என்று இருக்க வேண்டும்.

சோதனையை ஐடி ஆட்கள் மட்டும் செய்தால் போதாது. ஆபரேட்டரை உட்காரவைத்து, அவர் தினமும் செய்வதை அப்படியே செய்யச் சொல்லுங்கள்: கேட்டுவிட்டு மாற்றும் ட்ரான்ஸ்ஃபர், கேட்காமல் மாற்றுவது, ஹோல்டில் வைத்துவிட்டு இன்னொரு லைன் எடுப்பது. இன்சூரன்ஸ் பிரிவில் ஃபேக்ஸ் இருந்தால் ஒரு பல பக்கத் தாளை அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் 108-க்கும் 112-க்கும் ரூட் இருக்கிறதா என்று டயல்பிளானில் சரிபார்த்து, எடுப்பவரிடம் சோதனை என்று சொல்லி ஒரே ஒரு கால் போட்டு உறுதிசெய்யுங்கள். ஐசியு பக்கத்தில் இருக்கும் போன் வேலை செய்யாத ஐந்து நிமிடத்துக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

ரெஸ்டோர் செய்யும்போது பழைய எளிய பாஸ்வேர்டுகளும் சேர்ந்தே வரும். எக்ஸ்டென்ஷன் 101-க்கு 101 என்றே பாஸ்வேர்டு இருக்கும் இடங்கள் இன்னும் நிறைய. போன்களை எப்படியும் புதிதாக ப்ரொவிஷன் செய்கிறீர்கள், அதோடு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அட்மின் பக்கம் விபிஎன் வழியாக மட்டும் திறக்கட்டும். ஐஎஸ்டி தேவைப்படும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பின் நம்பரோடு கொடுங்கள்.

கடைசியாக, இவ்வளவுக்குப் பதில் க்ளவுட் போன் சேவைக்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பத்துப் பேர் உள்ள அலுவலகம் என்றால் நானே போகச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் கால்களில் பெரும்பகுதி வார்டிலிருந்து லேபுக்கும், ஐசியுவிலிருந்து டாக்டர் அறைக்கும் போவதாக இருக்கும். ரோட்டில் குழி தோண்டி ஃபைபர் அறுந்தாலும் அந்தக் கால்கள் நிற்காமல் இருக்க சர்வர் உங்கள் கட்டடத்துக்குள் யுபிஎஸ்ஸோடு இருப்பதுதான் நல்லது.