தந்தி வாத்தியங்கள் கேள்வி-பதில்: அப்பாவுக்கு ஒரு பழைய ஸ்டீல் கிதார்

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. இளவயதில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது ஹவாயன் கிதார் (ஸ்டீல் கிதார் என்பதும் அதுதான்) கற்றுக்கொண்டார். ஊர் திரும்பும்போது அதை விற்றுவிட்டார், பிறகு வாங்கவே இல்லை. ஜூன் மாதம் எங்களோடு தங்க வருகிறார். பெடல் இல்லாத பழைய ஸ்டீல் கிதார் ஒன்று வாங்கி வைக்க ஆசை. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 1930-களின் ரிக்கன்பேக்கர் நிறுவனத்து பேக்கலைட் (பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக்) கிதார், ஆறு தந்தி. மற்றது, 1950-களின் ஃபெண்டர் ஸ்ட்ரிங்மாஸ்டர், இரண்டு கழுத்து, கழுத்துக்கு எட்டுத் தந்தி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ரிக்கன்பேக்கரை வாங்குங்கள். ஸ்ட்ரிங்மாஸ்டர் குறைந்த வாத்தியம் என்பதால் இதைச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஸ்ட்ரிங்மாஸ்டர் 1953-ல் வந்தது. ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப் போகும்படி அவற்றை இணைத்திருப்பார்கள். அதன் நாதம் இனிமையானது, மறுக்கவே மாட்டேன். ஆனால் அது காலில் நிற்கும் வாத்தியம். பதினாறு தந்திக்குச் சுருதி சேர்க்க வேண்டும், பெட்டியோடு தூக்க இளைஞருக்கே மூச்சு வாங்கும். மேடையில் ஒரு பாட்டுக்கு ஒரு சுருதி, அடுத்த பாட்டுக்கு வேறு சுருதி என்று கழுத்து மாற்றி வாசிப்பவர்களுக்காகச் செய்தது அது. அப்பா கற்றது மடியில் வைத்து, இடது கையில் எஃகுத் துண்டைப் பிடித்து, ஒரு மெட்டை இழுத்து இழுத்துப் பாட வைக்கும் வாசிப்பாக இருக்கும். அதற்கு ஆறு தந்தி தாராளம். கல்கத்தாவில் அந்த வாசிப்புக்கு ஆழமான வேர் உண்டு. ஹவாய் இசைக்காரரான டௌ மோ 1940-களில் குடும்பத்தோடு அந்த ஊரில் தங்கியிருந்தார்.

இனி அந்த பேக்கலைட்டைப் பற்றி. மின்சாரக் கிதாரின் கதையே இந்த ரிக்கன்பேக்கர் ஸ்டீல் கிதார்களில்தான் தொடங்குகிறது. 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் விற்பனைக்கு வந்த அவர்களுடைய 'ஃபிரையிங் பேன்' கிதார் அலுமினியத்தில் வார்த்தது. மேடை விளக்கின் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி கலையும். அதற்கு மாற்றாகத்தான் 1935-ல் பேக்கலைட்டில் செய்தார்கள். கனமான, இறுக்கமான பொருள். தட்டினால் கல்லைத் தட்டுவது போல இருக்கும். என் பட்டறைக்கு எத்தனையோ ஸ்டீல் கிதார்கள் வந்து போயிருக்கின்றன. முதல் தந்தியில் பன்னிரண்டாம் கட்டத்துக்கு மேலே போனதும் இவ்வளவு கெட்டியாக நிற்கும் நாதத்தை நான் வேறு எதிலும் கேட்டதில்லை.

விற்பவர் 1930-கள் என்கிறார் அல்லவா, அதைச் சோதிக்க ஓர் அளவுகோல் போதும். தந்திகளின் மேலே வளைந்து நிற்கும் லாட வடிவக் காந்தங்களின் அகலத்தை அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குலம் என்றால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றேகால் என்றால் போருக்குப் பிந்தைய காந்தம், 1930-களுக்கான விலையைக் கொடுக்காதீர்கள். மேற்பரப்பில் உள்ள தகடுகளையும் பாருங்கள். முதலில் பளபளக்கும் குரோம் தகடு போட்டார்கள், பின்னாளில் வெள்ளைப் பூச்சுத் தகடு. தந்திகள் உடலைத் துளைத்துப் பின்புறம் போகின்றனவா, தனியாக ஒரு வால்தகட்டில் மாட்டியிருக்கின்றனவா? துளைத்துப் போனால் பழையது. பெயர்ப் பலகையில் நிறுவனத்தின் பெயர் இன்று எழுதுவதிலிருந்து ஓர் எழுத்து மாறியிருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள்.

மற்ற கிதார் வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகள் (ஃபிரெட்) தேய்ந்திருக்கின்றனவா என்பதை. இதில் அந்தக் கவலையே இல்லை. தந்தி மெட்டில் படுவதே இல்லை, அவை கண்ணுக்கான கோடுகள் மட்டும். கோட்டு வாத்தியம் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். அதனால் எழுபது, எண்பது வருடம் வாசித்த ஸ்டீல் கிதாரும் புதிது போலவே பாடும். வெளித்தோற்றத்துக்காக அதிக விலை கேட்பவரிடம் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியது விரிசல். பேக்கலைட் இறுக்கமானது, அதே அளவுக்கு நொறுங்கக் கூடியது. கழுத்தைத் தனியாக வார்த்து உடலோடு திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். அந்தச் சேரும் மூலை, தந்திகள் தலைப்பக்கம் ஏறும் இடம், பின்புறம் தந்தி நுழையும் துளைகள் ஆகிய மூன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் தெரியாது.

அடுத்தது பிக்கப். நேரில் போக முடிந்தால் ஆம்ப்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) மாட்டி ஆறு தந்தியையும் தனித்தனியாக மீட்டிக் கேளுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் சோர்ந்து ஒலித்தால் அது வெறும் தந்தி பழசானதாலும் இருக்கலாம். ஒட்டுமொத்தமாகச் சத்தம் மெலிந்து, உயிரில்லாமல் இருந்தால் காந்தம் வலுவிழந்திருக்கலாம். காந்தத்துக்கு மறுபடி ஏற்றிக் கொடுக்க ஆள் உண்டு. சுத்தமாகச் சத்தமே இல்லையென்றால் சுருள் அறுந்திருக்கலாம், புதிதாகச் சுற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: பிக்கப்பைக் கழற்றிவிட்டுப் புதியது போடச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். அந்த வாத்தியத்தின் குரல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

பழைய ஆம்ப்பையும் சேர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சுவரில் செருகாதீர்கள். இரண்டு முனை வயரும் காய்ந்துபோன மின்தேக்கிகளும் உள்ள பெட்டி ஆபத்தானது. பழுது பார்ப்பவர் திறந்து பார்க்கும்வரை சின்னதாக ஒரு புது ஆம்ப் போதும்.

தபாலில் வருவதானால் இன்னொரு விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாநிலத்திலிருந்து ஒரு பேக்கலைட் வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது உள்ளே வாத்தியம் ஆடிக்கொண்டிருந்தது. கழுத்து சேரும் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு போயிருந்தது. அந்தச் சில்லு பெட்டியின் மூலையிலேயே கிடந்தது. ஒட்டினேன், வாசிக்கவும் முடிகிறது. ஆனால் கோடு மறையவில்லை. அதைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் விரல் அந்த இடத்தில் நிற்கிறது. எண்பது வருடம் தாங்கிய பொருள் நான்கு நாள் பயணத்தில் உடைந்துவிட்டதே என்று இன்றும் வருத்தம்தான். ஆகவே, தந்திகளைத் தளர்த்தி, வாத்தியத்தைச் சுற்றித் துணி திணித்து, அதன் பெட்டியை இன்னொரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வரும் வழியில் சுருதி போனால் போகட்டும்.

புதுத் தந்தி வாங்குமுன் அப்பாவிடம் அவர் எந்தச் சுருதி வைத்து வாசித்தார் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் சி சிக்ஸ்த் சுருதிக்கான தந்திகள்: கீழிருந்து மேலாக சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. அவர் வேறு சுருதிக்காரர் என்றால் அதே தந்திகளை இழுத்துச் சேர்க்கக் கூடாது. ஒன்று தொய்யும், இன்னொன்று அறுந்துபோகும். சுருதிக்கேற்ற தடிமனில் தனித்தனியாக வாங்குங்கள். எஃகுத் துண்டும் புதிதாக வாங்கி வையுங்கள், கீறல் விழுந்த பழைய துண்டு தந்தியில் கரகரக்கும்.

கேள்வி: வீட்டில் ஒரு சாதாரண கிதார் சும்மா கிடக்கிறது. அதையே ஸ்டீல் கிதாராக மாற்றலாமா? பழையது தேடி அலைய வேண்டாமே.
– ஒரு வாசகி, சிகாகோ

பதில்: மாற்றலாம். தலைப்பக்கம் தந்திகளை உயர்த்த ஓர் உலோகத் துண்டு கிடைக்கும், மேலே பொருத்தினால் போதும், எதையும் அறுக்க வேண்டாம். கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆனால் டோப்ரோ (உடலில் உலோகக் கூம்பு வைத்த கிதார்) வாசிப்பவர்கள் வைக்கும் உயர்ந்த ஜி சுருதியை அதில் ஏற்றாதீர்கள். அதன் இழுவிசையைத் தாங்கத்தான் ஸ்டீல் கிதாருக்குக் கழுத்தைச் சதுரமாக, தடியாகச் செய்தார்கள். உருண்டைக் கழுத்து வளைந்துவிடும்.

கேள்வி: ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் கோவா என்ற ஹவாய் மரத்தில் செய்த ஹவாயன் கிதார் பார்த்தேன். கழுத்து உள்ளே பொள்ளலாக இருக்கிறது. பெயர்ச்சீட்டு இல்லை. மேற்பலகையில் நீளமாக ஒரு விரிசல். வைஸன்போர்னாக இருக்குமா?
– ஒரு வாசகர், சான் டியேகோ

பதில்: இருக்கலாம். ஹெர்மன் வைஸன்போர்ன் 1937-ல் இறக்கும்வரை லாஸ் ஏஞ்சலிஸில் அப்படிப்பட்ட பொள்ளல் கழுத்துக் கிதார்கள் செய்தார். ஓரங்களில் கயிறு முறுக்கியது போன்ற வேலைப்பாடு கழுத்துவரை ஓடினால் அது அவருடைய நான்காம் வகையாக இருக்கலாம். எளிய முதல் வகையில் அந்த வேலைப்பாடே கிடையாது, ஆனால் நாதத்தில் அது பின்தங்குவதில்லை.

விரிசலுக்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். நேராக ஓடும் விரிசலை உள்ளே சின்னச் சின்ன மரத்துண்டு வைத்து ஒட்டலாம். குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) மேற்பலகையை விட்டு எழும்பியிருக்கிறதா, அதைச் சுற்றிப் பலகை குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் செலவு வைக்கும். வாங்கினால், பழுது பார்ப்பவரிடம் காட்டும்வரை தந்தியை ஏற்ற வேண்டாம். துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், ஈரமில்லாத மெல்லிய துணியால் தூசி மட்டும் தட்டுங்கள்.