சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்குக் காசநோய்: எதிர்ப்புச் சக்திக்கு என்ன கொடுக்கலாம்?

'அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இப்போது காசநோய் என்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள், அதைக் கூட்ட என்ன கொடுக்கலாம்' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உறவினர்கள் சத்துப்பொடி டப்பாவோடு வீட்டு வாசலில் நிற்பது எனக்குத் தெரிகிறது தம்பி. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

நான் மருத்துவர் இல்லை. பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடை விற்பனையாளன். எட்டு வருடமாகச் சர்க்கரை இருந்த நிலையில் எனக்குக் காசநோய் வந்தது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

இருமல் ஒரு மாதத்துக்கு மேல் போனது. துணித்தூசி என்று நினைத்து மருந்துக்கடையில் மூன்று பாட்டில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தேன். 59 கிலோவிலிருந்து 52க்கு வந்தேன். சர்க்கரைக்காரன் இளைப்பது சகஜம் என்று யாருமே கவலைப்படவில்லை. சாயங்காலமானால் உடம்பு காயும், இரவு வேர்வையில் தலையணை நனையும். கடைசியில் அரசு மருத்துவமனையில் மூடிபோட்ட சிறு டப்பா ஒன்றைத் தந்து, 'காலையில் எழுந்ததும் திறந்தவெளியில் நின்று, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமிச் சளி எடுத்து வாருங்கள், எச்சில் வேண்டாம்' என்றார்கள். அதில் கிருமி இருந்தது.

என் அக்காதான் முதலில் சொன்னாள், 'உனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை தம்பி' என்று. குற்றம் சுமத்துவது போல இருந்தது. ஊசி போட வந்த செவிலியரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் போனதும் நம் வெள்ளை அணுக்கள் அதை விழுங்கிவிடும். ஆனால் விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது உயிரோடு இருக்கும். அதனால் மற்ற அணுக்கள் சுற்றிக்கூடி, சுவர் எழுப்பிச் சிறை வைப்பதுபோல அடைத்துவிடும். உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் இந்தக் கிருமி இருப்பதாகக் கணக்கு. அவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே ஆயுளில் என்றாவது நோயாக வெளிப்படும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால் காவல் அணுக்கள் சோர்ந்து அந்தச் சுவர் இளகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்பது இதனால்தான். ஆகவே எதிர்ப்புச் சக்திக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால் என் பதில், முதலில் சர்க்கரையை இறக்குங்கள்.

அக்கா கேட்கவில்லை. உடன்குடிக் கருப்பட்டியில் கிளறிய லேகியம் ஒரு சம்படம் நிறையக் கொண்டுவந்தாள். 'கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது' என்று அத்தானும் சொன்னார். இரண்டு வாரம் தின்றேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 380. கருப்பட்டியும் இனிப்புதானே. போதாததற்கு, காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் பல சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடுமாம். மருத்துவர் லேகியத்தை நிறுத்திவிட்டு இன்சுலின் போட்டார். நாட்டு மருந்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், காய்ச்சல் காலத்தில் எங்கள் வீட்டிலும் நிலவேம்புக் குடிநீர் உண்டு. நல்ல சாப்பாடு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்குச் சத்தான உணவு கொடுத்துப் பார்த்ததில், அவர்களில் நோய் வருவது வெகுவாகக் குறைந்தது என்று 2023இல் ஆய்வு வெளியானது. முட்டை, பயறு, மீன் கொடுங்கள். அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது, கேட்டு வாங்குங்கள்.

அம்மாவுக்குத் தனித்தட்டு வைத்துவிடாதீர்கள். எனக்கு வைத்தார்கள், அந்த எவர்சில்வர் டம்ளரில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. இது காற்றில் பரவும் நோய், தட்டில் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முதல் சில வாரம் முகக்கவசம் போடச் சொல்லுங்கள். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும், சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், ஓய்வும் நல்ல உணவுமாக இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமானார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சைக்கு வழி திறந்தது நம் ஊர் ஆய்வு. நமக்கோ இன்னும் தனி டம்ளர்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை: சிகிச்சை நடக்கும்போதும் கடையில் பத்து மணி நேரம் நின்றேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. எங்கள் தளத்தில் பதினாறு பேருக்கு ஒரு முக்காலி, அதில் உட்கார்ந்தாலும் மேற்பார்வையாளர் முறைப்பார். சர்க்கரைக்காரனின் கால் என்ன பாடுபடும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, பசி திரும்பி, 'இனி எதற்கு மாத்திரை' என்று அம்மாவுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பாதியில் நிறுத்தினால் மிச்சக் கிருமி மீண்டும் தலைதூக்கும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். கூடவே இருந்து கொடுங்கள். கண் மங்கினாலோ, நிறம் பிரித்தறிய முடியாவிட்டாலோ, மஞ்சள் காமாலை தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. முதல் நாள் மாத்திரைக்குப் பிறகு சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். எனக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தம் என்று நினைத்துக் கழிவறைக் கதவைப் பிடித்தபடி அழுதேன். அது மருந்தின் நிறம் மட்டும்தான். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.