சந்தா மட்டும் கட்டினால் போதுமா?

தம்பி, கோண்டாவில் களஞ்சியசாலையில் மாதம் தவறாமல் சங்கச் சந்தா வெட்டுகிறார்கள், சங்கத்தால் ஒரு பலனும் இல்லை, ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதியும் (EPF) குறைவாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நிதியை முதலில் பாருங்கள். சம்பளச் சிட்டையில் உங்கள் 8 வீதம் வெட்டியிருக்கும். முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கை நிதிக்கான (ETF) 3 வீதமும் அவருடைய பொறுப்பே, உங்கள் சம்பளத்தில் கைவைக்க முடியாது. வாழ்க்கைச் செலவுப் படியும் கணக்கில் வரவேண்டும், மேலதிக நேரக் காசு வராது. அநேகமாக இந்தப் படியைத்தான் விட்டுவிடுவார்கள். சிட்டைகளையும் மத்திய வங்கி தரும் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றையும் பக்கத்தில் வைத்து, இடிக்கிற மாதங்களைப் பென்சிலால் குறியுங்கள். அந்தத் தாளைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து, சங்கத்தின் பெயரிலேயே தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் தலை தனியாகத் தெரியாது.

அப்புறம், கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் 40 வீதத்தினர் உறுப்பினராக இருந்தால், முதலாளி பேச மறுக்க முடியாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999ஆம் ஆண்டு வந்த திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. ஏற்றி இறக்கும் பகுதியில் இன்னும் சேராதவர்களிடம் தேநீர் நேரத்தில் நீங்களே பேசுங்கள். செயலாளர் சொல்வதைவிட உங்கள் சிட்டையைக் காட்டினால் சட்டென்று விளங்கும்.