முந்திரி உறையில் நடராஜர் படம் போடலாமா?

கேள்வி: பண்ருட்டி முந்திரியைப் பாக்கெட் போட்டு விற்கப் போகிறேன். நம் மாவட்டப் பெருமை தெரிய, உறையில் சிதம்பரம் நடராஜர் படம் போடலாமா? – வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. முந்திரி தீர்ந்ததும் உறை குப்பைக்குப் போகும், காலில் மிதிபடும். சாமி படம் போட்ட ஊதுபத்தி அட்டைகளை எறிய மனமில்லாமல் என் அம்மா பரண் நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அந்தத் தவிப்பை வாங்குபவருக்குக் கொடுக்காதீர்கள். செம்மண் கொல்லையில், பழத்துக்கு அடியில் கொட்டை தொங்குமே, அதை வரையுங்கள். நகரத்துப் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததே இல்லை. பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். அப்புறம், உறை முழுவதும் உள்ளே தெரிகிற தாளாக வேண்டாம். வெளிச்சம் பட்டால் முந்திரியில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். பெயருக்கு அருகே, சைவ உணவு என்று காட்ட, பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி கட்டாயம்.